ஏமாந்த ரைபோசோம்

1962இல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் செல்லுக்குள் இருக்கும் எந்திரம் ஒன்றை வேண்டுமென்றே ஏமாற்றிப் பார்த்தார்கள்.

புரதம் என்பது அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. கோப்பது ரைபோசோம். அமினோ அமிலங்கள் தாமாக அதனிடம் வந்து சேர்வதில்லை, கடத்து ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறுதான் அவற்றைச் சுமந்துவருகிறது. சிஸ்டீனைச் சுமக்க ஒன்று, அலனினைச் சுமக்க வேறொன்று என்று ஆள் பிரித்து வைத்திருக்கிறது செல். ஷாப்வில், லிப்மன், பென்சர் முதலானோர் சிஸ்டீன் தன் கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏறி உட்காரும்வரை காத்திருந்தார்கள். பிறகு ரேனி நிக்கல் என்ற தூளைக்கொண்டு அந்தச் சிஸ்டீனிலிருந்து கந்தகத்தை உருவிவிட்டார்கள். தாவர எண்ணெயை வனஸ்பதியாக்குவதற்காக உருவான தூள் அது. கந்தகம் போனால் சிஸ்டீன் அலனினாகிவிடும். சுமக்கும் ஆள் பழைய ஆள்தான்; சுமை மட்டும் மாறிவிட்டது. இப்போது ரைபோசோம் என்ன செய்யும்?

சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனினை வைத்துக் கோத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. மறுவருடம் முயலின் ஹீமோகுளோபினிலும் இதையே செய்து பார்த்தார்கள். அங்கும் அதே கதை. ஆளைப் பார்க்காமல் பாஸை மட்டும் பார்த்து ஏற்றிக்கொள்ளும் கண்டக்டரைப்போல, ரைபோசோம் கடத்து ஆர்.என்.ஏ.வை மட்டுமே பார்க்கிறது. அதன் முதுகில் என்ன இருக்கிறது என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தச் சின்னத் தில்லுமுல்லு, மரபணுவைப் பற்றி நாம் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒன்றை ஆட்டிவைக்கிறது. எல்லாம் டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது என்கிறோம். பையனின் கோபத்துக்கும் பெண்ணின் கணக்கு மூளைக்கும் தாத்தாவின் சர்க்கரை நோய்க்கும் ‘ஜீன்’ என்று ஒரே சொல்லில் காரணம் முடிகிறது. தலையெழுத்து இருந்த இடத்தில் ஜீனை உட்கார வைத்துவிட்டோம். ஆனால் டி.என்.ஏ.வில் எழுத்துதான் இருக்கிறது. அந்த எழுத்துக்கு இதுதான் பொருள் என்பது அதில் எங்கும் எழுதியில்லை. பொருள் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கே என்பதைத்தான் அந்த நிக்கல் தூள் காட்டிக்கொடுத்தது.

*

எழுத்து எப்படிப் பயணம் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஹீமோகுளோபினையே எடுத்துக்கொள்வோம். நம் ரத்தச் சிவப்பணு ஒவ்வொன்றிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு மூலக்கூறுக்கு நான்கு சங்கிலிகள்: ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளே எல்லா மரபணுக்களையும்போல அதற்கும். மனிதரின் ஒரு தொகுதிக் குரோமோசோம்களில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அவற்றில் புரதத்துக்கான செய்தி நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. அந்தச் சிறு பங்கில் ஒரு துளி இது.

செல் மூலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போவதில்லை. தேவையான பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. படியில் டி இருந்த இடத்தில் யு வரும். படியெடுத்ததை அப்படியே அனுப்புவதும் இல்லை. பீட்டா மரபணுவின் நடுவே புரதத்துக்கு வேண்டாத இரண்டு பத்திகள் உண்டு. அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டிய பிறகே தூது ஆர்.என்.ஏ. உட்கருவைவிட்டு வெளியே வருகிறது. ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு கோடான். நான்கு எழுத்தை மூன்று இடத்தில் வைத்தால் 64 கோடான்கள்; 61 அமினோ அமிலங்களுக்கு, மூன்று முற்றுப்புள்ளிக்கு.

தூது ஆர்.என்.ஏ. நீடித்து இருக்கப் பிறந்ததில்லை. பாக்டீரியாவில் அது சில நிமிடங்களில் சிதைந்துபோகும். இவ்வளவு அற்பாயுசுக்காரரைக் கண்டுபிடிப்பது எளிதாக இருக்கவில்லை. 1960இல் புனித வெள்ளியன்று கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர், ஃபிரான்சிஸ் கிரிக், ஃபிரான்சுவா ஜேக்கப் கூடிப் பேசியபோதுதான் இப்படி ஒரு இடைத்தூதர் இருந்தாக வேண்டும் என்பது துலங்கியது. ரைபோசோம் குறிப்பிட்ட ஒரு புரதத்துக்கென்று பிறந்தது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, எந்தச் செய்தி வந்தாலும் படிக்கும் பொது எந்திரம் அது என்று அன்றைக்கு ஆயிற்று. அந்தக் கோடையிலேயே பிரென்னரும் ஜேக்கப்பும் கலிஃபோர்னியாவில் மெசல்சன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள்; மறுவருடம் அச்சிலும் வந்துவிட்டது. வாசகர் வேறு, பிரதி வேறு என்று உயிரியலில் தெளிவாகப் பிரிந்தது அப்போதுதான்.

சிவப்பணுவிடம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எலும்பு மஜ்ஜையில் வளரும் சிவப்பணு, முதிர்ச்சிக்குச் சற்று முன்னால் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. மூலநூல் மொத்தமும் போய்விட்டது. ஆனாலும் ரத்த ஓட்டத்துக்கு வந்த பிறகு ஒரு நாள் அளவுக்கு அது ஹீமோகுளோபினைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. கையில் இருந்த படிகளும் படிக்கத் தெரிந்த ரைபோசோம்களும் அதற்குப் போதும். அவையும் கரைந்த பிறகு, செய்து வைத்ததைக்கொண்டு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது.

*

ஜி.ஏ.ஜி. என்ற கோடானுக்குக் குளூட்டாமிக் அமிலம் என்று ஏன் பொருள்? இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லப் பார்த்தவர் ஜார்ஜ் கேமோ. அண்டவெளி பற்றிய ஆராய்ச்சியில் பேர்போன இயற்பியலாளர். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளில் வைர வடிவக் குழிகள் இருக்கின்றன, ஒவ்வொரு அமினோ அமிலமும் தனக்குப் பொருந்தும் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று 1954இல் எழுதினார். அழகான யோசனை. வடிவம் வடிவத்தோடு பொருந்துகிறது. இடையில் யாரும் வேண்டியதில்லை. ஆனால் தவறு.

நன்னூலைத் தொட்டவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கேமோ எல்லாவற்றையும் காரணப்பெயராக நினைத்தார். கிரிக் அது இடுகுறி என்று பிடித்துக்கொண்டார். எழுத்துக்கும் அமினோ அமிலத்துக்கும் நேரடி வேதிப்பொருத்தம் எதுவும் தெரியவில்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவே, ஒரு கையால் எழுத்தையும் மறு கையால் அமினோ அமிலத்தையும் பிடித்திருக்கும் இடையாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று 1955இல் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கேமோ வேடிக்கையாகத் தொடங்கிய ‘ஆர்.என்.ஏ. டை கிளப்’ உறுப்பினர்களுக்கான சுற்றறிக்கை அது. ஆய்விதழ் எதிலும் வரவில்லை. சில வருடங்களுக்குள் பாஸ்டனில் பால் ஸமெக்னிக்கும் மாலன் ஹோக்லண்டும், கிரிக் சொன்னது தெரியாமலே, அந்த இடையாளைச் சோதனைக்குழாயில் பிடித்துவிட்டார்கள். கடத்து ஆர்.என்.ஏ. அதுதான்.

ஆனால் கடத்து ஆர்.என்.ஏ.வுக்கும் தன் முதுகில் ஏற வேண்டியது யார் என்று தானாகத் தெரியாது. சரியான அமினோ அமிலத்தைச் சரியான கடத்து ஆர்.என்.ஏ.வோடு இணைப்பதற்கென்று செல்லில் நொதிகள் உண்டு. இருபது அமினோ அமிலத்துக்கு, பல உயிர்களில், இருபது நொதிகள். மரபுக் குறியீட்டின் அகராதி என்று ஒன்று எங்காவது இருக்கிறது என்றால் அது இவற்றின் கையில்தான் இருக்கிறது. 1962இல் ஏமாந்தது ரைபோசோம். அகராதிக்காரர்கள் கையொப்பமிட்டு அனுப்பிய பின்னர் சுமையை மாற்றினார்கள். அதற்குமேல் சரிபார்க்க ஆளில்லை.

இவர்கள் வேலையில் எவ்வளவு கறார் என்பதற்கு ஐசோலியூசினுக்கான நொதி ஒன்றே போதும். ஐசோலியூசினும் வேலினும் உருவத்தில் இரட்டையர். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் வித்தியாசம். பெரியதுக்கு வெட்டிய குழியில் சிறியது நுழைவதைத் தடுக்க முடியாது. இந்த நொதி அடிக்கடி தவறும் என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங் கணக்குப் போட்டுச் சொன்னார். நடைமுறையில் அவ்வளவு தவறவில்லை. தப்பி வருவது சில ஆயிரத்தில் ஒன்று. நொதியில் இரண்டாவது குழி ஒன்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. அது ஐசோலியூசின் நுழைய முடியாத அளவுக்குச் சிறியது. வேலின் மட்டும் நுழையும், நுழைந்தால் வெட்டுப்படும். முதல் குழி பெரியவற்றை வெளியே நிறுத்துகிறது, இரண்டாவது குழி சிறியவற்றை அழிக்கிறது. எழுத்தைப் படிக்கத் தெரிவது மட்டும் போதவில்லை. படித்ததை இன்னொரு முறை சரிபார்க்கவும் வேண்டியிருக்கிறது.

ரைபோசோமும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பதில்லை. அது பார்க்கும் இடம் வேறு, அவ்வளவுதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் கேம்பிரிட்ஜில் தன் குழுவினரோடு, வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியா ஒன்றின் ரைபோசோமில் சிறிய பாதியின் அணு அமைப்பை 2000இல் வெளியிட்டார். கோடானும் கடத்து ஆர்.என்.ஏ.வும் பிணையும்போது ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.விலிருந்து இரண்டு ஏ எழுத்துகள் வெளியே புரண்டுவந்து அந்தப் பிணைப்பின் பள்ளத்தைத் தடவிப் பார்க்கின்றன. என்ன எழுத்து என்பதில் அவற்றுக்கு அக்கறை இல்லை. பிணைப்பின் வடிவம் சரியா என்பதுதான் சோதனை. முதல் இரண்டு எழுத்துக்கும் இந்தக் கண்டிப்பு; மூன்றாவதில் கொஞ்சம் தளர்வு உண்டு. அமினோ அமிலங்களை ஒட்டவைக்கும் இடத்தில் புரதமே இல்லை, அந்த வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. என்று ரைபோசோமின் பெரிய பாதியை ஆராய்ந்த தாமஸ் ஸ்டைட்ஸின் குழு காட்டியது. இவர்கள் இருவரோடு, இந்தப் பாதையை முதலில் தொடங்கிய அடா யோனத்துக்கும் சேர்த்து 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதத்தைச் செய்யும் எந்திரத்தின் மையத்தில் புரதம் இல்லாதது ஒரு பழைய குழப்பத்துக்கு வழிவிடுகிறது. புரதம் இல்லாமல் வாசகர் இல்லை, வாசகர் இல்லாமல் புரதம் இல்லை என்றால் தொடங்கியது எப்படி? முதல் வாசகர் ஆர்.என்.ஏ.வாக இருந்திருக்கலாம்.

*

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் அமைப்பியல் பேசப்பட்டபோது, ஆசிரியன் இறந்துவிட்டான் என்ற பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த்தின் வாதம் பலருக்கு அதிர்ச்சியாகவும் சிலருக்குக் கொண்டாட்டமாகவும் இருந்தது. பார்த் அந்தக் கட்டுரையை 1967இல் எழுதினார். அதற்கு ஆறு வருடம் முன்பே, இலக்கியத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில், ஆசிரியரே இல்லாத பிரதி ஒன்று வாசிக்கப்பட்டுவிட்டது.

1961 மே 27. வாஷிங்டனுக்கு அருகே பெதஸ்டாவில் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனம். மார்ஷல் நைரன்பெர்க் கலிஃபோர்னியா போயிருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த இளம் ஆய்வாளர் ஹைன்ரிக் மத்தேய் அதிகாலையில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஈ.கோலி பாக்டீரியாவை அலுமினாப் பொடியோடு கல்வத்தில் இட்டு அரைத்துச் சாறு எடுத்திருந்தார்கள். செல் என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை. சுவர் இல்லை, சவ்வு இல்லை. டி.என்.ஏ.வை அழிக்கும் நொதியையும் அதில் சேர்த்தாயிற்று. பாக்டீரியாவின் சொந்தச் செய்திகள் தீர்ந்துபோயின. வாசகர்கள் மட்டும் மிச்சம்: ரைபோசோம், கடத்து ஆர்.என்.ஏ., அந்த இருபது நொதிகள். இந்தச் சாற்றில் யு, யு, யு என்று ஒரே எழுத்து நீளும் ஒரு செயற்கை ஆர்.என்.ஏ.வை மத்தேய் விட்டார். எந்த உயிரும் எழுதாத வரி அது. அமினோ அமிலங்களில் ஒவ்வொன்றுக்காகக் கதிரியக்க அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்ததில், ஃபினைல் அலனினில் எண்ணிக்கை எகிறியது. யு.யு.யு. என்றால் ஃபினைல் அலனின். அகராதியின் முதல் பதிவு.

ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் நைரன்பெர்க் இதைச் சொன்னபோது அறையில் விரல்விட்டு எண்ணும் கூட்டம்தான். செய்தி காதுக்கு எட்டிய கிரிக், பெரிய அரங்கில் அவரை மறுபடி பேசவைத்தார். அதன் பிறகு பந்தயம். ஹர் கோபிந்த் கொரானா எழுத்து வரிசை தெரிந்த ஆர்.என்.ஏ.க்களை வேதியியல் வழியில் கட்டிக்கொடுத்தார். 1966க்குள் 64 கோடான்களுக்கும் பொருள் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு அந்தச் சாறு, இதை எழுதியவர் யார் என்று கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் அதற்கு இல்லை. 1982இலிருந்து சர்க்கரை நோயாளிகளுக்குக் கிடைக்கும் மனித இன்சுலினை பாக்டீரியா செய்துகொடுப்பது இதனால்தான். கோவிஷீல்டு போட்டுக்கொண்ட நம் தோள்பட்டைச் செல்களும் அப்படித்தான் நடந்துகொண்டன. கொரோனா வைரஸின் முள்புரதத்துக்கான மரபணுவை வேறொரு வைரஸ் உள்ளே கொண்டுவந்தது. நம் செல் படியெடுத்தது, நம் ரைபோசோம் படித்தது, நம் உடம்பே அந்நியப் புரதத்தைச் செய்து தந்தது. வைரஸ்கள் காலங்காலமாக வாழ்வது இந்த வெள்ளந்தித்தனத்தை நம்பித்தான்.

அகராதி எல்லா உயிருக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இது நடக்கிறது. அந்த ‘ஏறத்தாழ’ தான் சுவாரசியம். யு.ஜி.ஏ. என்றால் உங்கள் செல்லின் பெரும்பகுதியில் முற்றுப்புள்ளி. அதே செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் அதற்கு டிரிப்டோபன் என்று பொருள், 1979இல் தெரியவந்தது. ஒரே செல், ஒரே எழுத்து, இரண்டு அகராதி. வாயில் வெள்ளைப்படலம் படிய வைக்கும் கேண்டிடா பூஞ்சை, மற்றவர்கள் லியூசின் என்று படிக்கும் சி.யு.ஜி.யை செரின் என்று படிக்கிறது. அதுவும் எப்போதும் இல்லை. சில சமயம் அதுவே லியூசின் என்றும் படித்துவிடுகிறது. இருபொருள்படப் படித்துக்கொண்டு அது நன்றாகவே பிழைத்திருக்கிறது.

இந்த இடத்தைக் கைவைத்தே சோதித்தும் பார்த்தாயிற்று. 2019இல் கேம்பிரிட்ஜில் ஜேசன் சின்னின் குழு ஈ.கோலியின் மொத்த மரபணுத் தொகுதியையும் புதிதாக எழுதியது. மூன்று கோடான்களை 18,214 இடங்களிலிருந்து எடுத்துவிட்டு அதே பொருள் தரும் வேறு கோடான்களை வைத்தார்கள். 2021இல் அந்த மூன்றையும் படிக்கும் கருவிகளையும் நீக்கினார்கள். பாக்டீரியா உயிரோடு இருந்தது. சோதித்த வைரஸ்களால் அதைத் தொற்ற முடியவில்லை. அவற்றின் எழுத்தில் எந்தக் குறையும் இல்லை. உள்ளே படிக்க ஆளில்லை. இரண்டு வருடத்துக்குள் இன்னொரு குழு, இந்த வகைப் பாக்டீரியாவையும் தொற்றும் வைரஸ்களைக் காட்டியது. அவை தங்கள் கடத்து ஆர்.என்.ஏ.வைத் தாங்களே கொண்டுவரும் வைரஸ்கள். பிரதியோடு அகராதியையும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைகிறவை.

பார்த்தின் வாசகருக்கும் இந்த வாசகருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பார்த்தின் வாசகர் சுதந்திரமானவர். ரைபோசோமுக்குச் சுதந்திரம் கிடையாது, ரசனையும் கிடையாது. பொருள் வாசிப்பில்தான் இருக்கிறது, ஆனால் வாசிப்பவர் அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மொழியும் இப்படித்தான். ‘மரம்’ என்ற ஒலிக்கும் மரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இருந்தாலும் நான் நாளையிலிருந்து அதை மாற்றிச் சொல்கிறேன் என்றால் யாருக்கும் புரியாது. வழிவழியாக வந்த உடன்பாடு அது.

அந்த உடன்பாடு எப்படிக் கைமாறுகிறது? அகராதியைச் சுமக்கும் இருபது நொதிகளும் புரதங்கள். அவற்றைச் செய்யும் குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்க அந்த நொதிகளே வேண்டும். ஆகவே எழுத்தை மட்டும் கொடுத்து எந்த உயிரையும் தொடங்கிவைக்க முடியாது. ஏற்கெனவே படிக்கத் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தந்தையின் விந்தணு கொண்டுவருவது பெரும்பாலும் எழுத்து. தாயின் கருமுட்டை எழுத்தோடு ரைபோசோம்களையும் கடத்து ஆர்.என்.ஏ.க்களையும் நொதிகளையும் முன்கூட்டியே படியெடுத்து வைத்த தூது ஆர்.என்.ஏ.க்களையும் கொண்டுவருகிறது. மனிதக் கரு தன் சொந்த மரபணுக்களை முழுவீச்சில் படிக்கத் தொடங்குவது நான்கிலிருந்து எட்டுச் செல் பருவத்தில். அதுவரை அம்மாவின் வாசகர்கள் அம்மாவின் படிகளைப் படித்துக் கருவை வளர்க்கிறார்கள். அம்மாவிடம் அந்த முட்டைக்கான செல் உருவானது, அவர் நம் பாட்டியின் வயிற்றில் சிசுவாக இருந்தபோது. நமக்கு வந்த அகராதி பாட்டியின் உடம்பைத் தொட்டு வந்தது. அதற்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், நடுவில் அறுபட்ட இடம் ஒன்றுகூட இருக்க முடியாது. எழுத்து சிதைந்தால் சரிசெய்ய வழி உண்டு. படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாமல் ஒரு தலைமுறை கடந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

*

எழுத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். ஒரே ஓர் எழுத்து மாறியதால் வாழ்நாள் முழுக்க வலியில் துடிப்பவர்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்துக்கான ஜி.ஏ.ஜி., ஜி.டி.ஜி. ஆகிவிட்டால் குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் வந்துவிடும். முன்னது மின்னூட்டம் கொண்டது, நீரை நாடுவது. பின்னது எண்ணெய்ப் பிசுக்கு. ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ஹீமோகுளோபின்கள் அந்தப் பிசுக்கால் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிகளாக நீள்கின்றன. சிவப்பணு கதிர் அரிவாளாக வளைந்து நுண்குழாய்களில் மாட்டிக்கொள்கிறது. கை கால் எலும்புகளில் குத்தும் வலி, சோகை, மண்ணீரல் பழுது. 146 அமினோ அமிலத்தில் ஒன்றுதான் மாறியிருக்கிறது என்பதை 1956இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிரம் கண்டுபிடித்தார். ரைபோசோம் இங்கே எந்தத் தவறும் செய்யவில்லை. எழுதியிருப்பதை அச்சுப் பிசகாமல் படித்ததால்தான் நோய்.

இங்கேயும் எழுத்து தனியாகப் பேசுவதில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த எழுத்து வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் நோயில்லை. மலேரியா கடுமையாகத் தாக்காமல் காக்கும் கேடயமும் சேர்ந்து கிடைக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து இதை 1954இல் நிறுவியவர் அந்தனி அலிசன். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அறிவித்திருந்தார்கள். இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் இது நிறைய இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. கூடலூர், வயநாட்டுக் காடுகளின் காய்ச்சலுக்கு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இந்த எழுத்து நிலைத்ததற்குக் காரணம் மலேரியாவைப் பரப்பிய கொசுதான். மலேரியா ஒடுங்கிய இன்றைய மலையில் அதே எழுத்துக்குக் கேடயம் என்ற பொருள் தேய்ந்துவிட்டது. நோய் என்ற பொருள் மட்டும் மிஞ்சிவிட்டது. எழுத்து மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த காடு மாறியது.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் காணப்படும் அரிவாள் செல் மரபணு, அரபு-இந்திய வகை எனப்படும் தனி வம்சம். ஆப்பிரிக்க வகைகளைவிட இதில் சிசு ஹீமோகுளோபின் அதிகம். அதனால் நோய் சராசரியில் சற்றுத் தணிந்து வருகிறது. கருவிலிருக்கும்போது நமக்கு ஓடுவது சிசு ஹீமோகுளோபின். அதற்குத் தனி மரபணு இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் செல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு பீட்டா பக்கத்தைத் திறக்கிறது. பழைய பக்கம் கிழிந்துபோவதில்லை; படிப்பது நின்றுவிடுகிறது, அவ்வளவே.

இந்த நோய்க்கு இப்போது நடக்கும் முக்கிய வைத்தியங்கள் சில போவது அந்தப் பக்கத்தைத் தேடித்தான். ஹைட்ராக்சியூரியா என்ற பழைய, மலிவான மாத்திரை சிசு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி, மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் வகை வைத்தியம். பிழையான எழுத்தைத் திருத்தும் வைத்தியம் என்றுதான் பெயரைக் கேட்டதும் தோன்றும். அந்த ஜி.டி.ஜி.யை அது தொடுவதே இல்லை. சிசு ஹீமோகுளோபின் பக்கத்தை மூடிவைத்திருக்கும் பி.சி.எல்.11ஏ என்ற காவலரை ரத்தம் உண்டாக்கும் செல்களில் தளர்த்துகிறது. மூடிய பக்கம் திறக்கிறது. நோயாளியின் செல்களில் பிழை எழுத்து கடைசிவரை இருக்கும். படிப்பது மாறியதால் வலி நிற்கிறது.

அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். நீலகிரிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றுக்கு இப்போதைக்கு எட்டுவது மாத்திரையும், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்கள் விடாமல் தரும் கவனிப்பும்தான். 2023 ஜூலையில் இந்திய அரசு அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. பரிசோதித்தவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். அந்த அட்டை இனி கல்யாணப் பேச்சில் படிக்கப்படும். எச்சரிக்கையாகப் படிப்பார்களா, குறையாகப் படிப்பார்களா என்பதை எந்த நொதியும் தீர்மானிக்காது. சுமப்பவர் என்பதற்கும் நோயாளி என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஊரில் யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது அது.

ஆகவே ‘ஜீனில் இருக்கிறது’ என்று யாராவது பேச்சை முடிக்கும்போது, பேச்சு அங்கே முடியக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜீனில் எழுத்து இருக்கிறது. அதை எந்தச் செல் எந்த வயதில் படிக்கிறது, பக்கத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, வெளியே கொசு இருக்கிறதா, மாத்திரை மாதாமாதம் வந்து சேர்கிறதா, அட்டையைப் பார்க்கும் சம்பந்தி என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒருவருடைய உடம்பில் அந்த எழுத்துக்குப் பொருள் ஆகிறது. இவற்றில் முதலிரண்டின்மீது அறிவியல் இப்போதுதான் கைவைத்திருக்கிறது. மற்றவை என்றைக்குமே நம் கையில் இருந்தவை. தலையெழுத்து என்று சொல்லிக் கைகழுவ அன்றைக்கும் நியாயம் இருந்ததில்லை. ஜீன் என்று சொல்லிக் கைகழுவ இன்றைக்கு அதைவிடக் குறைவான நியாயமே இருக்கிறது.